டூன் பக்கி, பழைய ஜீப், ஆசை வண்டி: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று நம் பக்கம் முழுக்க, பழைய வண்டி ஒன்றை வாங்கிப் பிரித்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் வந்து கேட்பவர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கடற்கரை, சட்டம் பற்றிய பதில்களைப் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வாருங்கள். ஸ்பானரை எடுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை அவை.

டூன் பக்கி என்றால் என்ன? ஜீப்புக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மணல்மேட்டில் ஓடுவதற்காக, வேண்டாத எடையையெல்லாம் கழித்துக் கட்டிய சின்ன வண்டி. கதவு கிடையாது, கூரை கிடையாது, எஞ்சின் பெரும்பாலும் பின்னால் இருக்கும். ஜீப்பில் நான்கு சக்கரமும் இழுக்கும். பழைய பாணி பக்கியில் பின் சக்கரம் இரண்டு மட்டும்தான். அப்படியிருந்தும் மணலில் புதையாமல் போகிறதென்றால், எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் சக்கரங்களின் மேலேயே எடையை வைப்பதால் கிடைக்கும் பிடிமானம்தான் காரணம். முன்பக்கம் லேசாக இருப்பதால் முன் சக்கரம் மணலை உழாமல் மேலோடு போய்விடும்.

இன்று நாம் பக்கி என்று சொன்னதும் மனதில் வரும் உருவத்தைக் கொடுத்தவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த புரூஸ் மேயர்ஸ். 1964-இல் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் ஆகியவற்றை எடுத்து, ஃபைபர்கிளாஸ் உடல் ஒன்றைத் தானே வார்த்து, மேயர்ஸ் மேங்க்ஸ் என்று பெயர் வைத்தார். பின்னால் வந்த மேங்க்ஸ்களில் பீட்டிலின் அடித்தளத்தைச் சுமார் 36 சென்டிமீட்டர் வெட்டிக் குட்டையாக்கி, அதன் மேல் அந்த உடலை உட்கார வைத்தார்கள். 1967-இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தை லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் கடந்து, அதற்கு முன் மோட்டார் சைக்கிளில் வைத்திருந்த சாதனையை அந்த வண்டி முறியடித்தது. அதன் பிறகுதான் உலகம் முழுக்க இந்த மோகம் பரவியது. நம் மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று: மேயர்ஸ் ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு கட்டும் வேலையில் இருந்தவர். படகுப் பட்டறையில் கற்ற கைத்தொழில்தான் அந்த வண்டியாக வந்தது. குளச்சலும் முட்டமும் இருக்கிற மாவட்டத்தில் இது சும்மா படித்துவிட்டுப் போகிற தகவல் இல்லை. கீழே ஃபைபர் பற்றிய பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் கடற்கரையில் ஓட்டலாமா?

கூடாது. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், பதில் பிடிக்காமல் போவதும் இதில்தான். ஆனாலும் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி மணல்மேடுகள் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பகுதியில் வருகின்றன. அவற்றின் உருவத்தை மாற்றுவது தடை. சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மணலைப் பாருங்கள். மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்பங்கொடியும் இராவணன் மீசையும்தான். தடித்த டயர் நாலைந்து முறை ஒரே தடத்தில் ஏறினால் கொடி அறுந்து வேர் வெளியே வரும். வேர் போன இடத்தில் காற்று மணலை அள்ளிக்கொண்டு போகும். ஆனி, ஆடியில் நம் கடல் எப்படி ஏறி வரும் என்று கரையோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2004 சுனாமியில் மணக்குடிப் பாலமே அடித்துப்போன ஊர் இது. அலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கிற மணலை விளையாட்டுக்காக உடைக்கக் கூடாது.

இன்னொன்று ஆமை. பங்குனி ஆமைகள் நம் கரையிலும் ஏறி முட்டையிடுகின்றன, வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. எடுக்காமல் விட்டுப்போன குழியின் மேல் வண்டி ஏறினால் முட்டை நசுங்கும். பொரிந்து வரும் குஞ்சு டயர் தடத்தில் விழுந்தால் ஏறி வர முடியாமல் அதற்குள்ளேயே ஓடும், விடிந்ததும் காக்கைக்கும் நாய்க்கும் இரையாகும். அது போக, கரை என்பது மீனவர்களின் வேலையிடம். வலை காய்கிறது, வள்ளம் ஏறுகிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், ஆட்கள் இரவில் மணலில் படுத்துத் தூங்குகிறார்கள்.

வண்டிக்கும் கேடுதான். மணவாளக்குறிச்சி பக்கம் கறுப்பாகத் தெரியும் மணலில் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்கள் இருக்கின்றன. கார்னெட்டை இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் பயன்படுத்துகிறார்கள். அது வீல் பேரிங்குக்குள்ளும் பிரேக் டிரம்முக்குள்ளும் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எங்கேதான் ஓட்டுவது?

சொந்த நிலத்தில், அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி கொடுத்த, வேலி போட்ட நிலத்தில். அடைக்கப்பட்ட வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி அமைத்த தனிவகை வண்டியை, மோட்டார் வாகனச் சட்டம் 1988 பிரிவு 2(28) மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. அந்த வண்டி கேட்டைத் தாண்டி ஊராட்சிச் சாலையில் பத்தடி உருண்டாலும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே வண்டியை வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் மினி லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

நம் பக்கம் ரப்பர் தோட்டமும் தென்னை விளையும் உள்ளவர்களுக்கு இது பெரிய வரம். சரிவு, செம்மண், வேர், சேறு எல்லாம் ஒரே ஏக்கரில் கிடைக்கும். மழைக்காலத்தில் மட்டும் சரிவில் தடம் விழுந்து நீரோடையாக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப உழாமல் மாற்றி மாற்றி ஓட்டினால் போதும்.

திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டுக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். குதிரைமொழித் தேரி காப்புக் காடு. அங்கும் வேண்டாம். வேகமாக ஓட்டத்தான் ஆசையென்றால் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களுக்குப் போய், அங்கு நடக்கும் முறையான நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ளுங்கள்.

பக்கியை ஆர்.டி.ஓ.வில் பதிந்து ரோட்டில் ஓட்ட முடியுமா?

வீட்டில் கட்டிய வண்டியை முடியாது. ரோட்டில் ஓடும் ஒவ்வொரு மாடலும் அரசு ஒப்புக்கொண்ட சோதனை நிலையத்தில் தேறி வந்திருக்க வேண்டும். தனியொருவர் ஒரு வண்டிக்காக அதைச் செய்வது நடைமுறையில் நடக்காத காரியம்.

'ஆர்.சி. உள்ள வண்டியை வெட்டிப் பக்கியாக்கினால்?' என்பது அடுத்த கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 அதைத்தான் தடுக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பிரிவு 182ஏ-இன்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சேசிஸை வெட்டுவது, கூரையை அறுப்பது, பெட்ரோல் வண்டியில் சொல்லாமல் டீசல் எஞ்சின் வைப்பது எல்லாம் இதில் அடங்கும். முன்னால் இரும்பு பம்பர் கார்டு பொருத்துவதும் தடை. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து விபத்தில்தான் தெரியும். மாற்றம் செய்த வண்டி என்று தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை உங்கள் தலையில் கட்டப் பார்க்கும்.

ஆகவே என் யோசனை எப்போதும் இதுதான்: ரோட்டுக்கு ஒரு வண்டி, தோட்டத்துக்கு ஒரு வண்டி. ரோட்டு வண்டியை அது கம்பெனியிலிருந்து வந்த உருவத்துக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். தோட்ட வண்டியில் உங்கள் கற்பனையைக் காட்டுங்கள். ஒரே வண்டியில் இரண்டையும் செய்யப் போகிறவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

முதல் வண்டியாக எதை எடுப்பது?

நம் மாவட்டத்தில் கைக்கு எட்டுவது எது, பாகம் கிடைப்பது எதற்கு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களில் உழைத்த மஹிந்திரா ஜீப்புகள் இன்னும் வெளியே வருகின்றன. எம்.எம். 540 மாதிரியான வண்டி என்றால் பெஜோ வழி வந்த 2112 சி.சி. டீசல் எஞ்சின், ஏணி மாதிரிச் சேசிஸ், இலைப்பட்டை ஸ்பிரிங். எல்லாவற்றையும் சாதாரண ஒர்க்‌ஷாப்பில் கழற்றி மாட்டலாம். பிரச்சினை இரும்பில் இருப்பதைவிடக் காகிதத்தில் அதிகம். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும், உள்ளே டீசல் ஓடும். எஞ்சின் எண் ஒத்துப்போகாது. சேசிஸ் எண்ணை பெயிண்ட் சுரண்டிக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

மாருதி ஜிப்ஸி என் மனதுக்கு நெருக்கமானது. 1985 கடைசியில் 970 சி.சி. எஞ்சினோடு வந்து, பிறகு 1298 சி.சி. ஜிப்ஸி கிங் ஆனது. லேசான வண்டி, ஃபோர் வீல் டிரைவ், பெட்ரோல். சேற்றிலும் மணலிலும் லேசான வண்டி எப்போதும் முந்தும். ஆனால் இப்போது அதன் மவுசு ஏறிவிட்டதால் விலையும் ஏறிவிட்டது, துருப்பிடித்ததையும் அதே விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள்.

வேலை கற்றுக்கொள்ளத்தான் வண்டி என்றால் மாருதி 800-ஐ விடச் சிறந்தது இல்லை. 1983 டிசம்பரில் தொடங்கி 2014 வரை வந்ததால் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினின் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எஞ்சினை இரண்டு பேர் சேர்ந்து கையாள முடியும். தவறினாலும் கை கடிக்காது.

அம்பாசடர், பத்மினி இரண்டும் குடும்பத்தோடு சேர்ந்து அனுபவிக்கிற வண்டிகள். அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி வீட்டில் நிற்கிறதென்றால் வேறு எதையும் தேடாதீர்கள், அதையே எடுங்கள். அதிகம் பேர் நினைத்துப் பார்க்காத ஒன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குப் பக்கத்தில் 1960-களில் தயாரான கார். உடலுக்குக் கீழே தனிச் சேசிஸ் உண்டு. முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் கை வைக்கலாம். கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் வெட்டாமல் காப்பாற்றுங்கள்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே, கேரளப் பதிவு வண்டி வாங்கலாமா?

வாங்கலாம். அங்குள்ள ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இங்கே சாலை வரி கட்டி டி.என். 74 நாகர்கோவிலிலோ டி.என். 75 மார்த்தாண்டத்திலோ புதுப் பதிவெண் வாங்க வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அந்த வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 'மலிவு' பல சமயம் காணாமல் போகும்.

15 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டியை, தகுதிச் சோதனையில் தேறினால், ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். டெல்லியில் கேள்விப்படும் பத்து வருட, பதினைந்து வருடத் தடை இங்கே இல்லை. ஆனால் பதிவு காலாவதியாகிப் பல வருடம் கிடந்த வண்டியை வாங்கும் முன், நிலுவை வரியும் தாமதக் கட்டணமும் எவ்வளவு என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

தாத்தா காலத்து வண்டிக்கு வின்டேஜ் பதிவு எடுக்கலாமா?

முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்திருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. 2021-இல் வந்த விதிப்படி புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் ரோட்டில் இறக்கலாம். தினசரி வடசேரிச் சந்தைக்குப் போய்வர வேண்டுமென்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் ஊரில் துருவை எப்படிச் சமாளிப்பது?

கடல்காற்று ஒரு பக்கம், தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை இன்னொரு பக்கம். கோயம்புத்தூர்க்காரர் பத்து வருடம் வைத்திருக்கும் தகட்டை நம்மால் மூன்று வருடம் வைத்திருக்க முடியாது. இங்கே வண்டி வைத்திருப்பவரின் முதல் வேலை துருவைப் பார்ப்பதுதான்.

வாங்கும்போது ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, வைப்பர் கீழே உள்ள பகுதி, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிப் பட்டை ஆகிய இடங்களில் மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் பிடி விடுகிற இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேசிஸில் ஸ்பிரிங் தொங்கும் இடங்களில் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள். டங் என்று கேட்டால் இரும்பு, பொதக் என்றால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். மேலே பளபளக்கும் புதுப் பெயிண்டைவிட, ஒழுங்காக மங்கிப்போன பழைய பெயிண்ட் உண்மை பேசும்.

சரிசெய்யும்போது துருவின் மேல் பட்டி பூசுகிற டிங்கரிங் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். கெட்ட தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பிறகு எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். நம் ஈரக்காற்றில் தேய்த்து வைத்த தகடு மறுநாள் காலைக்குள் செம்மை பூத்துவிடும். பெட்டிப் பட்டைகளின் உள்பக்கத்துக்கு மெழுகுக் கலவையைக் குழாய் வைத்துப் பீச்சுங்கள். அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். பாதி வண்டிகள் வெளியிலிருந்து வந்த தண்ணீரால் கெடுவதில்லை, உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல்தான் கெடுகின்றன.

செலவு குறையும் என்று கடல்மணலை வைத்து பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலைப் பீச்சித் துருவை எடுப்பது) செய்யக் கூடாது. உப்பு தகட்டுக்குள் ஏறும், மணல்தூசி நுரையீரலில் தங்கி ஆளைக் கெடுக்கும்.

மின்சாரக் கோளாறு என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் எர்த் இணைப்பு பச்சை பூத்துப் போயிருக்கும். போல்டைக் கழற்றி, பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். புது ஒயரிங் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

பக்கிக்கு ஃபைபர் உடல் இங்கேயே செய்ய முடியுமா?

தாராளமாக. இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு இருக்கிற வசதி உள்நாட்டு ஊர்களுக்குக் கிடையாது. கரையோரத்தில் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்களும் உடைந்ததை ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அலையில் அடிபட்டுத் தாங்குகிற உடலை வார்க்கத் தெரிந்தவர்களுக்கு பக்கியின் உடல் கஷ்டமே இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது, வேண்டிய உருவத்தை மாதிரியாகச் செய்து கொடுப்பது. மெல்லிய கம்பியும் பிளைவுட்டும் வைத்து உருவம் கட்டி, ஃபோம் நிரப்பி, பட்டி பூசி, கையில் தட்டுப்படாத அளவுக்குத் தேய்க்க வேண்டும். மாதிரியில் உள்ள ஒவ்வொரு மேடுபள்ளமும் அச்சில் வரும், அச்சில் உள்ளது உடலில் வரும். ஆகவே தேய்ப்பதில் பொறுமை வேண்டும்.

மாதிரியிலிருந்து அச்சு, அச்சிலிருந்து உடல். அச்சின் உள்பக்கம் மெழுகு பலமுறை தடவி மெருகேற்றி, முதலில் நிறம் கலந்த ஜெல்கோட் என்ற மேற்பூச்சு, அது கையில் ஒட்டாத பதம் வந்ததும் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பு, அதன் மேல் இறுகி உறையும் ரெசின் திரவம், உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவது என்று போகும். 450 கிராம் மேட் ஒரு அடுக்கு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கனம் கொடுக்கும். உடலுக்கு மூன்று அடுக்கு, மடிப்புகளிலும் போல்ட் வரும் இடங்களிலும் ஐந்து அடுக்கு போடச் சொல்வேன். போல்ட் வரும் இடத்தில் அடுக்குகளுக்கு நடுவே இரும்புப் பட்டையோ நல்ல பிளைவுட் துண்டோ வைத்துவிட்டால் பின்னால் விரிசல் வராது.

ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர், ரெசின் எடைக்கு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம். சித்திரை வெயிலில் ஒன்றே அதிகம், அதனால் விடியற்காலையில் தொடங்குங்கள். ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கிண்ணத்தில் மிச்சமிருந்த ரெசினை எடுத்து ஓரத்தில் பூசப் போன பையனின் கையை ஆசான் பிடித்துக்கொண்டார். "மக்கா, கிண்ணத்தத் தொட்டுப் பாரு, சூடு ஏறிட்டு. இனி பூசாத, தூரப் போடு." உள்ளே பார்த்தால் ரெசின் தயிர்போல உறையத் தொடங்கியிருந்தது. அந்தப் பதத்தில் பூசினால் மேட்டுக்குள் இறங்காது, மேலேயே கட்டியாக நின்று பின்னால் தகடு தகடாக உரியும். சாரல் அடிக்கிற நாட்களில் இந்த வேலையை எடுக்கவே கூடாது. ஈரம் பட்டால் வெளுத்துப் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ரெசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் திரவத்தையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்து, அது சேர்ந்த பிறகுதான் ஹார்ட்னர். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். தேய்க்கும்போது சாதாரணத் துணி போதாது, தூசி வடிகட்டும் முகக்கவசம் வேண்டும்.

ஃபிரேமுக்கு எந்தப் பைப்?

தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் ஜி.ஐ. பைப் வேண்டாம். வெல்டிங் செய்யும்போது துத்தநாகப் புகை வரும், மூட்டும் நம்பிக்கைக்குரியதாக இருக்காது. கல்லூரி மாணவர்கள் தாங்களே வண்டி கட்டி ஓட்டும் பாஹா போட்டியில், கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் உருள்கூண்டுக்குக் கேட்கும் அளவையே கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்: 25 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 3 மில்லிமீட்டர் சுவர்க்கனம், 0.18 சதவீதத்துக்குக் குறையாத கார்பன் உள்ள இரும்பு. அது ஒற்றை இருக்கை லேசான வண்டிக்கு. இரண்டு பேர் உட்காரும் வண்டியில் பெரிய பைப் போடுங்கள். வளைவைத் தட்டி வளைக்காமல் பெண்டிங் மெஷினில் வளையுங்கள், சுருங்கிய வளைவு கவிழும்போது முதலில் மடங்கும். கதவுக்கும் கேட்டுக்கும் கிரில் அடிப்பவர் நன்றாகவே வெல்டிங் செய்வார், ஆனால் உயிரைத் தாங்கும் மூட்டை அந்த அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். மேல் கம்பி ஓட்டுநரின் ஹெல்மெட்டுக்கு மேலே தாராளமாக இருக்க வேண்டும். நாலுமுனை பெல்ட் இல்லாத கூண்டால் பயனில்லை.

பீட்டில் எஞ்சின் கிடைக்குமா? இல்லையென்றால் என்ன வைப்பது?

பீட்டில் இங்கே மிக அபூர்வம். முழுசாகக் கிடைத்த பீட்டிலை பக்கிக்காக வெட்டுவது பாவம். அதற்குப் பதில் மாருதி 800-இன் முன்பக்கம் முழுவதையும், அதாவது எஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், ஸ்ட்ரட், ஹப் எல்லாவற்றையும், இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கலாம். ஸ்டியரிங் இணைப்புக் கம்பிகளை ஃபிரேமில் பூட்டிவிட்டால் அந்தச் சக்கரங்கள் திரும்பாது. எஞ்சின் முன்னால் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் பின்னாலும் உட்கார வேண்டும். திருப்பி வைத்தால் முன் கியர் எல்லாம் பின்னோக்கி ஓடும். கியர் லிவருக்கு நீளமான கம்பி செய்ய வேண்டும், இந்த வேலையில் அதிக நேரம் பிடிப்பது அதுதான். ரேடியேட்டர் முன்னாலேயே இருந்தால் குழாய் நீளும், நடுவில் உயரமான இடத்தில் காற்று சிக்கும். அங்கே காற்று திறந்துவிட ஒரு திருகு வையுங்கள்.

சின்ன எஞ்சினை வைத்துப் பெரிய காரியம் செய்ததற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். எத்தனையோ பந்தய ஓட்டுநர்கள் அதில் கற்றுக்கொண்டு மேலே போனார்கள்.

இப்போது வரும் ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

எத்தனால் பழைய ரப்பர்க் குழாயையும் கார்புரேட்டர் டயாஃப்ரத்தையும் ஊதவைத்து விரிசல் விடவைக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். நம் ஊர் ஈரத்தில் பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் அடியில் தண்ணீர் சேர்ந்து டேங்க் துருப்பிடிக்கும். பழைய வண்டி வாங்கியதும் முதல் வாரத்திலேயே பெட்ரோல் குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள், கிளிப்பும் புதிதாக. வெடித்த குழாயிலிருந்து சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதுதான் பழைய கார்கள் தீப்பிடிப்பதற்குப் பொதுவான காரணங்களில் ஒன்று. வண்டியில் தீயணைப்பான் இருக்கட்டும். ஓட்டாமல் வைக்கும் வண்டியில் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

காசு குறைவு. எதை முதலில் செய்வது?

பிரேக். அதற்குப் பிறகு டயர், ஸ்டியரிங் மூட்டுகள், பெட்ரோல் குழாய், ஒயரிங். பெயிண்டும் அலாய் வீலும் கடைசியில். பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும் பொருள் என்பதால் கடலோரத்தில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

மணலில் டயருக்கு எவ்வளவு காற்று?

லேசான வண்டிக்கு 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். டயர் அகன்று மணலின் மேல் நிற்கும். புதைந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் கீழே இறங்கும். நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மணலை அள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். தார்ரோட்டுக்கு ஏறும் முன் காற்றை மறுபடி ஏற்ற மறக்க வேண்டாம்.

நான் இன்ஜினியரிங் மாணவன். சொந்தமாகக் காசு போட முடியாது.

கல்லூரியில் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா அணி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தொடங்குங்கள். 2007 முதல் நடக்கும் போட்டி. ஒற்றை இருக்கை வண்டி ஒன்றை மாணவர்களே வடிவமைத்துக் கட்டி ஓட்ட வேண்டும். பெட்ரோல் பிரிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி 10 குதிரைத்திறன் எஞ்சின் என்பதால், பணத்தைவிட மூளைக்கும் கைக்கும்தான் போட்டி. விதிப்புத்தகம் ஒன்றையே பாடப்புத்தகமாக வைத்துப் படிக்கலாம். பிரேக், கூண்டு, எரிபொருள் பாதுகாப்பு பற்றி அதில் உள்ளதைச் சொந்த வண்டி கட்டுகிறவர்களும் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பேன்.

தோட்டத்துக்குள்தானே, பத்து வயது மகனை ஓட்ட விடலாமா?

வேண்டாம். கால் பெடலுக்கு எட்டுவதும் கவிழும் வண்டியில் கையை உள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரிவதும் வேறு வேறு. ஸ்பானர் எடுத்துக் கொடுக்கட்டும், நட்டைப் பிரிக்கட்டும், கார்புரேட்டரைக் கழுவட்டும். அதிலேயே பிள்ளைகள் சொக்கிப் போவார்கள்.

பாகங்கள் எங்கே தேடுவது?

மாருதிக்கும் மஹிந்திராவுக்கும் நாகர்கோவிலிலேயே கிடைக்கும். இல்லாததற்குத் திருவனந்தபுரம், அங்கும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. புதுப்பேட்டைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள், படத்தை நம்ப வேண்டாம். எங்குமே கிடைக்காத புஷ், பின், ஸ்பேசர் போன்றவற்றை நல்ல லேத் பட்டறையில் கடைந்து வாங்கிவிடலாம். விசைப்படகு எஞ்சினுக்கு வேலை செய்து பழகிய லேத்காரர் நம் கரையில் கிடைப்பார். அவருக்கு அளவைச் சொல்லாமல், தேய்ந்த பாகத்தையும் அது பொருந்தி உட்காரும் பாகத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

மழை தொடங்கினால் மூன்று மாதம் ஓட்ட முடியாது. எப்படி வைப்பது?

மண்தரையில் நிறுத்தாதீர்கள், அடியிலிருந்து ஈரம் ஏறும். சிமெண்ட் தளம் இல்லையென்றால் நான்கு சக்கரத்துக்குக் கீழும் கருங்கல் பலகை போடுங்கள். தார்ப்பாயை வண்டியோடு ஒட்டிக் கட்டினால் உள்ளே வியர்க்கும். நாலு கம்பு நட்டு மேலே பந்தலாகக் கட்டுங்கள், பக்கவாட்டில் காற்று ஓடட்டும். நிறுத்தும் முன் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் முழுக்க அடித்துக் கழுவி, வெயிலில் காயவிட்டு, ஆயில் மாற்றி வையுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் கட்டை வையுங்கள், இல்லையென்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் வாயையும் துணியால் அடைத்து, அடைத்திருப்பதை ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் தொங்கவிடுங்கள், மழை விட்டதும் மறந்து ஸ்டார்ட் செய்துவிடாமல் இருக்க. எலி ஒயரைக் கடிக்கும் ஊர் இது, வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள்.